சீதன வீட்டு நூதனசாலை

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கொம்பு முறிந்தது உண்மை. நாங்கள் தோற்றது பொய்.

கயிறு நழுவியது. கயிறு நழுவியதால் கொம்பு பிரண்டது. பிரண்ட கொம்பு முறிந்தது. கயிறு ஏன் நழுவியது? அதில் ஒருவன் நல்லெண்ணெய் தடவியிருந்தான். யார் என்று பெயர் சொல்ல மாட்டேன். என் பெண்சாதியின் தம்பி இராசதுரை. இதற்கு மாறாக நான் எங்கேயாவது எதிலேயாவது பேசியிருந்தால் அது கணக்கில் வராது.

வெளியூர் ஆட்களுக்கு இது விளங்காது. எங்கள் ஊர் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் இருக்கிறது. ஊரில் பிறந்தவர்கள் ஒன்றில் வடசேரி, இல்லாவிட்டால் தென்சேரி. சேரி என்றால் இங்கே கட்சி. மழை பெய்யாத வருஷம் கண்ணகி அம்மன் கோயிலடியில் கொம்பு முறிப்போம். கட்சிக்கு ஒரு வளைந்த மரக்கொம்பு. இரண்டையும் ஒன்றில் ஒன்று கொளுவி, கயிறு கட்டி, இரண்டு பக்கமும் நின்று ஊரே இழுக்கும். எந்தக் கொம்பு முறிகிறதோ அந்தச் சேரி தோற்றது. வென்றவர்கள் தோற்றவர்களின் வாசல் படலையடியில் வந்து நின்று வசை பாடுவார்கள். அந்தப் பாட்டுகளை இங்கே எழுத முடியாது. ஆனால் எனக்கு மனப்பாடம்.

சேரி தகப்பன் வழியில் வரும். வீடு தாய் வழியில் வரும். அதாவது எங்கள் பக்கத்தில் ஆண்பிள்ளை வாழப்போவது பெண்சாதியின் சீதன வீட்டில். நான் தென்சேரி. நான் வாழ்வது வடசேரிப் போடியார் தன் மகளுக்குக் கொடுத்த வீட்டில். போடியார் என்றால் வட்டை வட்டையாக வயல் வைத்திருக்கிற பெரிய ஆள். மாமனார் அசல் போடியார். அவர் செத்த பிறகு ஊரில் என்னையும் மரியாதைக்குப் போடியார் என்கிறார்கள். பெண்சாதியைப் பார்த்து ஒரு நாளாவது “போடி” என்று சொல்லியிருந்தால் அந்தப் பட்டம் எனக்குப் பொருந்தும்.

கல்யாணம் பேசி முடித்த வருஷம்தான் அந்தக் கொம்பு முறிந்தது. தென்சேரிக் கொம்புக்குக் கயிறு கட்டியவன் நான். கல்யாணத்துக்கு மறுநாள் மாமனார் முறிந்த கொம்பை எடுத்து வந்து, நடு மண்டபத்துச் சுவரில், நான் சோறு தின்ன இருக்கும் இடத்துக்கு நேர் எதிரே ஆணி அடித்துத் தொங்கவிட்டார்.

“மாப்பிள்ள, இது உங்கட வீட்டில இருந்தாக் கவலை. எங்கட வீட்டில இருந்தா ஞாபகம்,” என்றார்.

அன்று தொடக்கம் அந்தக் கொம்பைப் பார்த்துக்கொண்டுதான் சோறு தின்கிறேன். விரால்மீன் குழம்பாக இருந்தாலும் தொண்டையில் முள் போல அந்தக் கொம்பு நிற்கும். ஒவ்வொரு வருஷமும் மாமனார் கேட்பார், “தோத்ததெண்டு வாயால ஒருக்காச் சொல்லுங்க மாப்பிள்ள, கழட்டி விடுறன்” என்று. நான் சொல்லவில்லை. அவர் செத்தார். கொம்பு தொங்கியது.

என்னிடம் இருந்தது ஒரே ஒரு பதில்தான். நான் பள்ளிக்கூடம் போனது கொஞ்சக் காலம். அங்கே படித்ததில் மனதில் நின்றது இது. ‘தென்சேரி’ என்று எழுதிப் பாருங்கள். முதல் எழுத்திலேயே கொம்பு வரும். ‘வடசேரி’ என்று எழுதிப் பாருங்கள். ‘வ’வுக்கும் கொம்பில்லை, ‘ட’வுக்கும் கொம்பில்லை. ‘சே’ இரண்டு கட்சிக்கும் பொது, அதை விடுங்கள். “எழுத்திலேயே கொம்பில்லாத ஆக்கள் நீங்க” என்று பெண்சாதியிடம் சொல்வேன். கல்யாணம் முடித்த காலந்தொட்டுச் சொல்லிவந்தேன். அவள் ஒருநாளும் பதில் சொல்லவில்லை. பதில் இல்லை என்று நான் நினைத்தேன்.

அவள் பெயர் சீதேவிப்பிள்ளை. சீதேவி என்று பெயர் வைத்தபோது மாமனார் வேறு யாரையோ நினைத்திருக்க வேணும்.

போன வருஷம் ஒரு விடியற்காலம் தேத்தண்ணியை என் முன்னால் வைத்துவிட்டுச் சொன்னாள்:

“இஞ்சருங்க, வீட்டக் குடுக்கப் போறன்.”

“ஆருக்கு?”

“ஊருக்கு.”

“ஏன், ஊருக்கு இருக்க வீடில்லையா?”

“நூதனசாலை வைக்கப் போறாங்களாம். பழைய போடியார் வீடு, நெல்லுப் பட்டறை, வண்டில், கலப்பை எல்லாம் அப்படியே இருக்கிறது இந்தப் பக்கத்தில நம்மட வீடுதானாம். முன் பக்கம் அவங்களுக்கு. குசினியும் பின்னறையும் நமக்கு. வதனியும் ஓம் எண்டிட்டாள்.”

வதனி எங்கள் மகள். கல்குடாவில் புது வீடு கட்டி இருக்கிறாள். பழைய வீட்டில் வௌவால் இருக்கிறது, அப்பாவும் இருக்கிறார் என்பது அவள் சாட்டு.

“என்ட்ட ஒரு சொல்லுக் கேக்கல்லையே?”

“உங்களுக்கும் வீட்டுக்கும் என்ன?”

வேறு பக்கத்தால் போய்ப் பார்த்தேன்.

“அது கிடக்கட்டும். பழைய சாமான் வைக்கிற இடத்துக்கு நூதனசாலை எண்டு எந்த விசரன் பேர் வச்சவன்? நூதனம் எண்டாப் புதிசுதானே?”

“உங்களுக்கும் இளையதம்பி எண்டுதானே பேர் வச்சிருக்கு.”

சீதனம் இப்படித்தான் நூதனம் ஆனது.

எனக்கு வீடு போனதில் கவலை இல்லை. அது என் வீடு இல்லை. அடுத்த நாள் மாலைதான் நெஞ்சுக்குள் இடி விழுந்தது. நூதனசாலை என்றால் ஒவ்வொரு சாமானுக்கும் கீழே அட்டை தொங்கவிடுவார்கள். கொம்புக்கும் தொங்கவிடுவார்கள். ‘தென்சேரியார் தோற்ற கொம்பு’ என்று. மாமனார் வைத்தது வெறும் ஆணி. இவர்கள் வைக்கப்போவது எழுத்து. பாசிக்குடாவுக்குக் குளிக்க வருகிற வெள்ளைக்காரன் வரை வந்து பார்ப்பான். நான் செத்த பிறகும் பார்ப்பான்.

அன்றே தீர்மானித்தேன். அந்த அட்டையில் வடசேரி என்றுதான் வரும். வராவிட்டால் நான் இளையதம்பி இல்லை.

அட்டை எழுத வந்த பிள்ளையின் பெயர் மேனுகா. கலாசார உத்தியோகத்தர். நல்ல பிள்ளை. ஆனால் கையில் எந்நேரமும் அட்டையும் நூலும் பேனையும். கண்டதற்கெல்லாம் கட்டிவிடும். நான் சாய்மனைக் கதிரையில் சாய்ந்தேன்.

“ஐயா, அது காட்சிப்பொருள்.”

எழும்பிப் போய் அவுரியில் குந்தினேன். அவுரி என்பது நெல் தூற்றும்போது ஏறி நிற்கிற உயரமான முக்காலி.

“ஐயா, அதுவும்.”

இறங்கித் தரையில் நின்றேன்.

“கொஞ்சம் அங்கால நில்லுங்க ஐயா. நீங்க நிக்கிறது சாணி மெழுகின தரை. அதுக்கும் அட்டை இரிக்கு.”

கோபத்தில் தண்ணீர் விடாய்த்தது. செம்பை எடுத்து வாயில் வைத்தேன். செம்பில் ஏதோ மூக்கில் இடித்தது. எழுத்துக் கூட்டிப் பார்த்தேன். ‘போடியார் தண்ணீர் குடித்த செம்பு.’ நான் இன்னும் குடித்து முடிக்கவில்லை.

பிறகு மேனுகா கொம்பின் கீழே வந்து நின்றது.

“இது எந்தச் சேரிக் கொம்பு ஐயா?”

குசினிப் பக்கம் காது வைத்தேன். அம்மியில் ஏதோ அரைபடும் சத்தம். நல்ல நேரம்.

“வடசேரி,” என்றேன்.

அம்மிச் சத்தம் நின்றது.

“என்ன சொன்னீங்க?” என்றது குசினி.

“வடக்கப் பாத்துத் தொங்குது எண்டு சொன்னன்.”

“அது கிழக்கப் பாத்தெல்லோ தொங்குது.”

“கொம்பு கிறுகிற்று.”

“கொம்பு கிறுகல்ல. உங்கட தலைதான் கிறுகிற்று.”

கையில் குழவியோடு வந்து நின்றாள். மேனுகா என்னைப் பார்த்தது. அவளைப் பார்த்தது. குழவியையும் பார்த்தது. குழவிக்கு இன்னும் அட்டை கட்டவில்லை.

“ரெண்டு பேரும் ஒரே கதையச் சொன்னாத்தான் எழுதலாம் அம்மா. இல்லாட்டி ‘விபரம் தெரியாது’ எண்டு போட்டிருவன்.”

“தெரியும்,” என்றோம் இரண்டு பேரும். கல்யாணம் முடித்த நாளிலிருந்து நாங்கள் சேர்ந்து சொன்ன ஒரே சொல் அதுதான்.

இந்த விஷயத்தில் எனக்கு யோசனை சொன்னவர் உசனார் காக்கா. காக்கா என்றால் முஸ்லிம் ஆட்களின் பேச்சில் அண்ணன். ஏறாவூர் ஆள். பழைய இரும்பும் பித்தளையும் வாங்க லொறியில் வருவார். என் மாமனார் வீட்டுப் பித்தளையை இத்தனை வருஷமாக ஆசையோடு பார்த்துவிட்டுப் போகிறவர். நூதனசாலை என்று கேள்விப்பட்டதும் பெருமூச்சு விட்டார்.

“எல்லாத்துக்கும் அட்டை கட்டிட்டாங்களே, போடியார். இனி ஒரு கரண்டி கூட வெளிய வராது.”

“காக்கா, அதை விடுங்க. பெண்சாதிய ஒரு பொய்க்கு ஓம் சொல்ல வைக்கணும். என்ன வழி?”

“பொய்யா, உண்மையா?”

“எனக்கு உண்மை. மத்த எல்லாருக்கும் பொய்.”

“அப்ப விலை கூடின சாமான்.” தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். “சண்டை பிடிச்சா அது கிடையாது. வாங்கத்தான் வேணும்.”

“என்னத்தக் குடுத்து வாங்குற?”

“அவங்கட்ட இல்லாத சாமான் என்ன இரிக்கி?”

“எல்லாம் இரிக்கு. நானே அவள்ட வீட்டிலதான் இரிக்கன்.”

“அப்ப உங்கட்ட இரிக்கிற ஒரே சாமான் உங்கட உடம்பு. அதக் குடுங்க.”

“காக்கா, இந்த வயசிலயா?”

“அல்லாஹ்வே, வேலையாக் குடுங்க எண்டு சொல்லுறன்.”

வியாபாரி வியாபாரிதான். அன்று பகல் சோறு தின்று முடிந்ததும் சீதேவிப்பிள்ளை வெற்றிலை போடுகிற நேரம் பார்த்துப் பக்கத்தில் போய் இருந்தேன். தரையில்தான். ஓரமாக.

“இஞ்சப் பாரு. நீ அந்தக் கொம்பு வடசேரிக் கொம்பெண்டு அந்தப் புள்ளையிட்டச் சொல்லு. நான் தேங்காய் திருவித் தாறன்.”

வெற்றிலைக்கு நூறு தடவிய விரல் நின்றது. நூறு என்றால் சுண்ணாம்பு.

“எத்தின நாளைக்கு?”

“அட்டை தொங்குற காலம் மட்டும்.”

வெற்றிலையை மடித்து வாயில் வைத்தாள். மென்றாள். வெளியே பார்த்தாள்.

“முத்தம்?” என்றாள்.

எனக்கு உடம்பு சிலிர்த்தது. இந்த வயதில் இவள் இப்படி வாய்விட்டுக் கேட்கிறாளே என்று வெட்கமாகவும் இருந்தது. மேனுகா எங்கேயாவது நிற்கிறதா என்று பார்த்தேன். பிறகுதான் அவள் வெளியே, இலை விழுந்து கிடந்த முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது.

“கூட்டுறன்,” என்றேன்.

“சாய்மனைக் கதிரை?”

“அது காட்சிப்பொருளெல்லோ?”

“பகலில காட்சிப்பொருள். ஆக்கள் போனாப் புறகு எனக்கு.”

மாமனார் இருந்த கதிரை. அதில் சாய்வது ஒன்றுதான் அந்த வீட்டில் எனக்கிருந்த பதவி. கொடுத்தேன்.

“இன்னும் ஒண்டு,” என்றாள். “எண்ணெய்க் கதையும் கயித்துக் கதையும் இனி இந்த வீட்டுக்குள்ள கேக்கப்படாது.”

இது கதிரையை விடப் பெரிய அடி. ஆனால் யோசித்துப் பார்த்தேன். நாங்கள் வென்றதாக அட்டையே சொல்லும்போது எண்ணெய் எதற்கு, கயிறு எதற்கு?

“சரி.”

உடனே சேலைத் தலைப்பை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள். “அப்பா மேல இருந்து பாத்திட்டு இருப்பார்,” என்றாள். தோள் குலுங்கியது. எனக்கே பாவமாகப் போய்விட்டது. சிரித்தாலும் தோள் குலுங்கும் என்பது அந்த நேரம் ஞாபகத்துக்கு வரவில்லை.

மறுநாள் மேனுகா போனைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுத்தது.

“சொல்லுங்க ஐயா.”

“இது வடசேரியாரின் கொம்பு. எங்கட தென்சேரிக் கொம்பு இதை ஒரே இழுவையில முறிச்சது. முறிஞ்ச சத்தம் ஏறாவூர் மட்டும் கேட்டது.”

“ஓம்,” என்றாள் சீதேவிப்பிள்ளை, பக்கத்தில் நின்றுகொண்டு.

“முறிஞ்ச வேகத்தில இராசதுரை மல்லாக்க விழுந்தான். அவன் விழுந்த இடத்தில இண்டைக்கும் புல்லு முளைக்கிறல்ல.”

“ஓம். தூக்குறதுக்கு ஆள் வேணுமெண்டு வந்து கூப்பிட்டது,” என்றாள் அவள்.

இவ்வளவு நல்ல பெண்சாதியோடு இவ்வளவு காலம் சண்டை பிடித்திருக்கிறேனே என்று இருந்தது. மேனுகா அன்றே அட்டை எழுதி நூலில் கட்டித் தொங்கவிட்டது. எழுத்துக் கூட்டி வாசித்தேன். ‘வடசேரியாரின் முறிந்த கொம்பு.’ முதல் எழுத்துக்குக் கொம்பில்லை. நெஞ்சு நிறைந்துவிட்டது.

உசனார் காக்காவுக்குப் படலையடியில் வைத்துச் சொன்னேன். அவருக்குத் திருப்தி இல்லை.

“கதிரையையும் குடுத்திட்டீங்களா? கூடக் குடுத்திட்டீங்க, போடியார். நானெண்டாத் தேங்காயோட முடிச்சிருப்பன்.”

“போனாப் போகுது காக்கா. வரலாறு.”

“இந்தக் கையில என்ன?”

“அது விளக்குமாறு.”

அந்த ஒரு மாதம்தான் நான் என் வாழ்க்கையில் சந்தோஷமாக இருந்த காலம். துருவலையில் குந்தித் தேங்காய் திருவுவேன். திருவத் திருவ உள்ளே பூ விழுவதுபோல இருக்கும். முற்றம் கூட்டும்போது பழைய வசைப் பாட்டை மெதுவாக எடுத்துவிடுவேன். தெருவால் போகிற வடசேரிப் பெண்கள் என்னைப் பார்த்துச் சேலையால் வாயைப் பொத்திக்கொண்டு போவார்கள். சிரிக்கட்டும். அட்டை உள்ளே தொங்குகிறது. சோறு தின்னும்போது கொம்பைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டுவேன். சோறு கூடத் தின்றேன். அதனால் தேங்காயும் கூடத் திருவ வேண்டி வந்தது.

திறப்பு விழா வந்தது. வளவு முழுக்கப் பந்தல். தென்னங்குருத்துத் தோரணம். வண்டிலுக்கும் கலப்பைக்கும் சந்தனப் பொட்டு. மரத்தில் ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். வாவிக்கு மேலால் சத்தம் நன்றாகப் போகும், கிழக்கே எழுவான்கரையில் மீன் பிடிக்கிறவனுக்கும் கேட்கும். இரண்டு சேரியும் வந்து இரண்டு பக்கமாக இருந்தது. உசனார் காக்கா முன் கதிரையில் இருந்து பித்தளை அண்டாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இராசதுரையும் வந்திருந்தான். அட்டையை வாசித்துவிட்டு அவன் முகம் கறுக்கும் என்று ஆசையோடு காத்திருந்தேன். வாசித்தான். சும்மா வெற்றிலை மென்றான். ரோசம் கெட்டவன் என்று நினைத்துக்கொண்டேன்.

மேனுகா மைக்கைப் பிடித்தது.

“அந்த வருஷம் மழை இல்லை. வட்டையெல்லாம் வெடிச்சுக் கிடந்தது. ஊர் கூடிக் கொம்பு இழுத்தது. கொம்பு முறிஞ்ச அண்டைக்கே மழை கொட்டினது.”

அது உண்மை. நான் தோற்றுப்போய், பிழை, கயிறு நழுவிப்போய், நனைந்து நனைந்து வீட்டுக்கு வந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

“கொம்பு இழுக்கிறது மழைக்காக. முறியும் மட்டும் இழுக்கிறோம். அப்ப அம்மன் எந்தக் கொம்பை ஏற்றுக்கொண்டா? முறியாத கொம்பையா? அது வீட்டுக்குப் போய் அடுப்பெரிஞ்சிருக்கும். முறிஞ்ச கொம்புதான் மழையைக் கொண்டு வந்தது. இந்த ஊருக்குச் சோறு போட்டது வடசேரியாரின் இந்த முறிஞ்ச கொம்பு.”

வடசேரிப் பக்கத்திலிருந்து பெண்கள் குரவை போட்டார்கள். எனக்குக் காது அடைத்தது.

“இனி ஒவ்வொரு வருஷமும் இந்த மண்டபத்தில் முதற் பொங்கல் மழை தந்த வடசேரியாருக்கே. அவர்கள் சார்பில் இராசதுரை மாமாவுக்குச் சால்வை போர்த்துகிறோம்.”

அவன் எழும்பினான். நெஞ்சை நிமிர்த்தினான். சால்வை போர்த்தினார்கள். ஒரு மனுசி போய் அவன் காலைத் தொட்டு, “மழை தந்த மகராசா” என்றாள். அவன் கையைத் தூக்கி ஆசீர்வாதம் பண்ணினான். அதோடு வானத்தையும் ஒருமுறை அண்ணாந்து பார்த்தான், சொன்னால் இப்போதும் பெய்யும் என்பதுபோல.

“என்ன கதை இது?” என்று பெண்சாதியின் காதுக்குள் கேட்டேன்.

“எனக்கென்ன தெரியும். படிச்ச புள்ள சொல்லுது.”

“அது எங்கட கொம்பு.”

“மெல்லக் கதையுங்க. ஆக்களுக்குக் கேக்கப் போகுது.”

“மழை எங்கட கொம்பால வந்தது.”

“அப்படி நீங்க சொல்லல்லையே. வீடியோவில அவன் விழுந்ததெல்லோ சொன்னீங்க. புல்லும் முளைக்கிறல்லையாம். மழை பெஞ்ச ஊரில அது மட்டும் எப்படியெண்டு நானே யோசிச்சன்.”

“சீதேவி, அவன்ட காலில விழுகிறாளுகள்.”

“விழட்டும். மழை தந்தவன்தானே.”

இத்தனை வருஷம் அந்தக் கொம்பைப் பார்த்துச் சோறு தின்றவன் நான். சால்வை அவனுக்கா? எண்ணெய் தடவியவனுக்கா? பக்கத்தில் அவுரி நின்றது. ஏறினேன்.

“ஐயா, அது காட்சிப்பொருள்,” என்றது மேனுகா.

மைக்கைப் பறித்தேன்.

“கேளுங்க எல்லாரும். அது வடசேரிக் கொம்பில்ல. தென்சேரிக் கொம்பு. முறிஞ்சது எங்கட கொம்பு.”

இராசதுரை சால்வையைச் சரிசெய்துகொண்டு, மிக மரியாதையாகக் கேட்டான்:

“அப்ப அத்தான், தோத்தது ஆரு?”

“நாங்கதான்.”

“புறத்தால இருக்கிறாக்களுக்குக் கேக்கல்லையாம்.”

“தோத்தது நாங்கதான். தென்சேரி. அந்தக் கொம்புக்குக் கயிறு கட்டினது நான். என்ட கையால கட்டினது.”

“கயிறு நழுவினதெண்டு சொல்லுவீங்களே?”

“நழுவல்ல. நேரா இழுத்து, நேரா முறிஞ்சது.”

என் குரல் வாவிக்கு மேலால் போனது. அங்காலக் கரையில் மோதித் திரும்பி வந்தது. “முறிஞ்சது” என்பது எனக்கே இரண்டாம் தரம் கேட்டது. அப்போதுதான் நான் என்ன சொன்னேன் என்று விளங்கியது.

வடசேரிப் பக்கம் ஒரு சத்தம் எழும்பியது. பூவரசு மரத்துக் காகமெல்லாம் பறந்துவிட்டன. யாரோ வசைப் பாட்டை எடுத்தான். எல்லாருக்கும் பாடம். தென்சேரி ஆட்கள் என்னைப் பார்க்காமல் செருப்பைத் தேடினார்கள்.

சீதேவிப்பிள்ளை எழும்பிச் சேலையை உதறினாள்.

“மேனுகா, புள்ள, இனி அட்டையக் கிறுக்கி விடு.”

மேனுகா அட்டையை மறுபக்கம் திருப்பியது. அங்கேயும் எழுத்து இருந்தது. மை காய்ந்து கன நாள். மேனுகா மைக்கில் வாசித்தது: “தென்சேரியாரின் தோற்ற கொம்பு. தோல்வியைத் தன் வாயால் ஒப்புக்கொண்டவர் இளையதம்பி.”

நான் அவுரியிலிருந்து இறங்கினேன். யாரும் பிடிக்கவில்லை.

“இது எப்ப எழுதின?”

“நீங்க தேங்காய் திருவ ஓமெண்ட அண்டைக்கு,” என்றாள் பெண்சாதி.

“மழைக் கதை?”

மேனுகா தரையைப் பார்த்தது. சாணி மெழுகின தரை. அதற்கு அட்டை இருந்தது.

“இந்த அம்மாதான் சொல்லித் தந்தவ, ஐயா.”

“அப்பா சாகும் மட்டும் உங்கட வாயால ஒருக்காக் கேக்கணுமெண்டு இருந்தவர்,” என்றாள் சீதேவிப்பிள்ளை. “அவருக்குக் காதும் ஒழுங்காக் கேக்காது. அதுதான் ஒலிபெருக்கி பிடிச்சன்.”

இராசதுரை சால்வையைக் கழற்றி, மடித்து, அவள் கையில் கொடுத்தான். “இந்தா அக்கா. அலுமாரிக்குள்ள வை.” அப்போதுதான் சால்வையின் கரையைப் பார்த்தேன். என் கல்யாணச் சால்வை.

ஒரே ஒரு வழி மிச்சம் இருந்தது. உசனார் காக்கா சாட்சியாகப் பக்கத்தில் நின்றார்.

“சரி. நீ சொன்ன சொல்லு மாறிட்ட. அப்ப நான் சொன்னதும் இல்ல. கதிரையத் தா. தேங்காயும் நீயே திருவு.”

“அட்டை தொங்குற காலம் மட்டும் எண்டுதான் நீங்க சொன்ன. எந்தப் பக்கமெண்டு சொல்லல்ல.” கையைக் காட்டினாள். “தொங்குது.”

காக்காவைப் பார்த்தேன். அவர் தொப்பியைச் சரிசெய்தார்.

“வியாபாரம் சரி, போடியார். நான் சொன்னன்தானே, கூடக் குடுத்திட்டீங்க எண்டு.”

ஆட்கள் சாப்பிடப் போய்விட்டார்கள். நான் மட்டும் கொம்பின் கீழே நின்று அந்த அட்டையை எழுத்து எழுத்தாகக் கூட்டினேன். எங்கேயாவது ஒரு பிழை இருக்காதா என்று தேடினேன். இருந்தது. முதல் எழுத்திலேயே இருந்தது. ‘தன்சேரியார்’ என்று எழுதியிருந்தது. எனக்கு உயிர் வந்துவிட்டது. குசினி வாசலுக்கு ஓடினேன்.

“அட்டை பிழை. மாத்தணும். தென்சேரியில ‘தெ’வுக்குக் கொம்பக் காணல்ல.”

சீதேவிப்பிள்ளை திரும்பிப் பார்க்காமல் துருவலையை என் பக்கம் தள்ளிவிட்டாள்.

“அதுதான் முறிஞ்சிட்டே.”